வீட்டு மருந்துப் பெட்டியில் உண்மையில் எவை இருக்க வேண்டும்?

நாலாம் மாடி, வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில் குடியிருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், இரண்டு வயது மகன், கணவரின் தாயார். மாமிக்குப் பதினொரு வருடமாக நீரிழிவு. பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்துவிட்டான். அப்போதுதான் ஊற்றி வைத்த தேநீர் அவனுடைய இடது கையிலும் நெஞ்சிலும் கொட்டியது. நான் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் மாமி பற்பசையைப் பிதுக்கிக் கை முழுக்கப் பூசிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அம்மா அவருக்குச் செய்ததைத்தான் அவர் பேரனுக்குச் செய்தார். முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். அங்கே தாதி முதல் வேலையாக அந்தப் பற்பசையைத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. ஈரத்துணி பட்ட ஒவ்வொரு தடவையும் பிள்ளை கதறிய சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நல்ல காலம், காயம் ஆழமில்லை. ஆறிக்கொண்டு வருகிறது.

அன்றிரவு மருந்துப் பெட்டியை, அதாவது பழைய பிஸ்கட் டின்னை, கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். 2021 இல் காலாவதியான இருமல் பாணி. எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து. யாருக்குக் கொடுத்தது என்றே தெரியாத அன்டிபயோட்டிக் ஆறு. பசை போன பிளாஸ்டர். ஒரு பாதரச வெப்பமானி. எரிகாயத்துக்கு உதவக்கூடியது ஒன்றுமே இல்லை.

15,000 ரூபா ஒதுக்கி வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் கட்டும் பிரஷர் கருவி ஒன்றை அனுப்பட்டுமா என்று கனடாவில் இருக்கும் தம்பி கேட்கிறான். மூச்சு வழியாக மருந்து கொடுக்கும் நெபுலைசர் இயந்திரம் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கினார்கள், நாங்கள் வாங்கவில்லை. எதை முதலில் வாங்குவது, எதை விடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, கொட்டாஞ்சேனை:

மகள், காயம் ஆறி வருகிறது என்ற வரியை வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 31 வருடம் வார்டுகளில் நின்றவள் நான். அதில் ஒன்பது வருடம் எரிகாயப் பிரிவில். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, வெண்ணெய், கோப்பித்தூள் எல்லாவற்றையும் இந்தக் கைகளால் துடைத்திருக்கிறேன். பூசியவர்கள் அத்தனை பேரும் அன்பினால்தான் பூசினார்கள். மாமியிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எரிகாயத்துக்கு வீட்டில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தது. தண்ணீர்க் குழாய் இருந்தது. ஓடும் தண்ணீரின் கீழ் 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் அழுகை கொஞ்சம் அடங்கும், போதும் என்று நாமும் குழாயை மூடிவிடுவோம். அங்கேதான் பிழை நடக்கிறது. மேல் தோல் ஆறியிருந்தாலும் அடித்தோலில் சூடு இருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்கவே கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை இன்னும் மோசமாக்கும்.

கொழும்பில் மாடி வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் மத்தியான வெயிலில் சுடும். பிள்ளையைப் பிடிப்பதற்கு முன் உங்கள் முழங்கையை நீட்டிப் பாருங்கள். சூடாக இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் ஓட விடுங்கள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் நிரப்பி வைப்பது நீர்வெட்டு நாளுக்கும் உதவும். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான். வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும், குளியலறைக் கதவும் சாத்தியே இருக்க வேண்டும். அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்த குழந்தையைத் தூக்கி வந்த தாயை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தண்ணீர் ஓடும்போதே நனைந்த சட்டை, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சிறிது நேரத்தில் வீங்கிவிட்டால் காப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்க வேண்டாம். காயத்துக்குத் தண்ணீர் படும்போதே மிச்ச உடம்பைத் துவாயால் போர்த்துங்கள். சின்னப் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிறகு சாப்பாடு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் முதல் சுற்றைக் கழித்துவிட்டு, ஒரு துண்டைக் காயத்தின் மேல் போட்டு வையுங்கள். இறுக்கிச் சுற்ற வேண்டாம். பிறகு வைத்தியசாலை. நோயாளியின் உள்ளங்கை அளவை விடப் பெரிய காயமோ, முகம், கை, கால், மூட்டு, மறைவிடங்களில் பட்டதோ, கொப்புளம் போட்டதோ என்றால் யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். மின்சாரம் பட்டதும் அப்படித்தான். சின்னப் பிள்ளை என்றால் எப்படியும் காட்டிவிடுங்கள்.

இனி பெட்டி. கிருமி நீக்கிப் பொதி செய்த கோஸ் துணி பத்து, சுற்றுகிற பண்டேஜ் இரண்டு அகலத்தில், ஒட்டும் பட்டி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, கையுறை நாலு சோடி, டோர்ச், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொட்டலம் ஐந்தாறு, பரசிட்டமோல் மாத்திரையும் பிள்ளைகளுக்கான பாணியும் அளவுக் குப்பியோடு, இலத்திரனியல் வெப்பமானி ஒன்று. அரச மருந்துக் கடையான ஒசுசலவிலோ எந்தப் பார்மசியிலோ இவ்வளவும் கிடைக்கும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். திறந்த காயத்தில் பஞ்சு வைக்காதீர்கள், நூல் நூலாக ஒட்டிக்கொள்ளும். டெட்டோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். பெட்டியைக் குளியலறையிலோ அடுப்புக்கு மேலேயோ வைக்க வேண்டாம். ஈரமும் சூடும் மாத்திரையைக் கெடுத்துவிடும்.

அந்த அன்டிபயோட்டிக் ஆறையும் கண் மருந்தையும் இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம் ஆனால், போத்தலில் எந்தத் திகதி இருந்தாலும் ஆகாது. பாதரச வெப்பமானி உடைந்தால் பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பி யன்னலைத் திறவுங்கள். விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, மணிகள் சிதறும். கெட்டியான கடதாசியால் தள்ளிச் சேர்த்து மூடியுள்ள போத்தலில் இடுங்கள்.

மிச்சப் பணத்தை மாமிக்காகச் செலவழியுங்கள். தம்பியிடம் மணிக்கட்டுக் கருவி வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நெஞ்சுக்கு நேராகக் கையைப் பிடிக்காவிட்டால் எண்ணை மாற்றிவிடும். மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள். எப்படிப் பார்ப்பது என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன். எங்கள் மாடியில் ஒரு பாட்டி மீன் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கதிரையில் உட்கார்ந்த கையோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைக் கட்டி மகன் பார்த்தார். 168. உடனே எனக்கு அழைப்பு. நான் போய், பாட்டியின் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதிய வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் நீட்டி, ஐந்து நிமிடம் ஒருவரும் பேசக் கூடாது என்று சொல்லி, வெறும் கையில் கட்டிப் பார்த்தேன். 142. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். 138. தேநீர் குடித்தால் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இரண்டிரண்டு தடவை பார்த்து ஒரு வாரம் கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் பார்க்கும் சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம்.

சீனி பார்க்கும் கருவி வீட்டில் இருக்கிறதா? இருந்தால் குத்துவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து காட்டும். பரிசோதனைக் கீற்றுகளின் டப்பாவை ஒன்றை எடுத்தவுடனே மூடுங்கள். கடற்காற்று ஈரம் அதற்கு ஆகாது. மாமிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழப்பமாக வந்தால், எண் 70க்குக் கீழே என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

ஒரு தகப்பன், தெகிவளை:

நெபுலைசர் பற்றி மட்டும் சொல்கிறேன். என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து இழுப்பு, அதாவது ஆஸ்துமா. முதல் இரண்டு வருடமும் ஒவ்வொரு தடவையும் நெபுலைசருக்காக ஓடினோம், பிறகு ஒன்றை வாங்கியும் வைத்தோம். மின்சாரம் நின்ற ஓர் இரவில்தான் அதன் குறை தெரிந்தது. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் ஸ்பேசர் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் இன்ஹேலரையும் மறு பக்கம் முகமூடியையும் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். சரியாகப் பிடித்தால் பெரும்பாலான இழுப்புக்கு நெபுலைசர் செய்வதை அதுவும் செய்கிறது. மின்சாரம் வேண்டாம், பள்ளிப் பையிலும் வைக்கலாம். ஓர் அழுத்து, ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்த அழுத்து. முகமூடி கன்னத்தில் இடைவெளியில்லாமல் பதிய வேண்டும். பதியாவிட்டால் மருந்து காற்றுக்குத்தான் போகும்.

உங்கள் பிள்ளைகளுக்கு இழுப்பு என்று வைத்தியர் சொல்லவில்லை என்றால் இரண்டுமே தேவையில்லை. சாதாரண தடிமனுக்கு நெபுலைசர் பிடிப்பதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஒட்சிசன் கருவியை நாங்கள் மகளுக்காக வைத்திருக்கிறோம். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் எண்ணைக் கெடுக்கும். அதைவிட, பிள்ளை ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாளா, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடுகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இழுபட்டால் எண் 97 என்று காட்டினாலும் கிளம்பிவிடுவோம்.

நாலாம் மாடி, வெள்ளவத்தை:

அம்மா, அண்ணா, இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தாதியம்மா எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் முழங்கையைக் குழாயின் கீழ் நீட்டிப் பார்த்துவிட்டு, "சுடுகிறதுதான்" என்றார்.

இன்னொரு சந்தேகம். மழை தொடங்கிவிட்டது, கீழ் மாடியில் இரண்டு பேருக்கு டெங்கு. மகனுக்குக் காய்ச்சல் வந்தால் பாணி எவ்வளவு கொடுப்பது என்பதே எனக்குத் தடுமாற்றம். மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அப்போது கையில் இரும்புத் திறப்பைப் பொத்தி வைத்தோம். அது சரியா?

வத்தளையிலிருந்து ஒரு மகன்:

தாதியம்மா பதில் எழுதுவதற்கு முன் என்னுடையதையும் சேர்த்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டிலும் பிரஷர் உள்ள ஒருவர் இருப்பதால்.

என் அப்பா ஒரு நாள் காலை 5.40க்குத் தேநீர்க் கோப்பையைத் தவறவிட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. களைப்பு என்று நினைத்துப் படுக்க வைத்தோம். ஒன்பதரைக்கு எழுப்பியபோது வலது கை தூக்கவில்லை. பக்கவாதம். வைத்தியசாலையில் முதலில் கேட்ட கேள்வி: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? மூளையின் இரத்தக் குழாயை இரத்தக்கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். எங்களுக்கு நேரம் கடந்துவிட்டது. அப்பா இருக்கிறார், நடக்கிறார், பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

முகம் கோணினால், தூக்கிய கை ஒன்று தானாக இறங்கினால், பேச்சுக் குழறினால் மணியைப் பார்த்து எழுதுங்கள், 1990ஐ அழையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், புரைக்கேறும். அஸ்பிரினும் வேண்டாம், அது அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. தமிழிலேயே பேசலாம். நாங்கள் அழைத்தபோது பதற்றத்தில் எனக்கு வீட்டு இலக்கமே வாயில் வரவில்லை. இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், திரும்பும் இடத்திலுள்ள கடை, எத்தனையாம் மாடி, லிப்டில் படுக்கை போகுமா, அப்பா எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை. ஒருவர் பேசும்போது மற்றவர் கீழே இறங்கி ஒழுங்கை முனையில் நிற்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி, கொட்டாஞ்சேனை:

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மெதுவாகத்தான் வரும்.

மகள், இரும்புத் திறப்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு தானாக நிற்கும், திறப்புக்குப் பெயர் கிடைக்கும். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி மடித்து வையுங்கள், வாயில் விரலோ கரண்டியோ விடவே வேண்டாம், பிடித்து அமுக்கவும் வேண்டாம். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. அதற்குள் நின்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பரசிட்டமோல் பாணியின் அளவு வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. மகன் 12 கிலோ என்றால் 180 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் ஏழரை மில்லிலீற்றர். சொட்டு மருந்தின் செறிவு வேறு, ஆகவே ஒவ்வொரு தடவையும் போத்தலை வாசியுங்கள். குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள். தடிமன் மருந்திலும் பரசிட்டமோல் கலந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு.

டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும்தான். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும். எவ்வளவு சுட்டாலும் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். டெங்குவில் ஆபத்து பல வேளை அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாளும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கை கால் குளிர்தல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருத்தல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரே வைத்தியசாலைக்கு. பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. குடித்தது எவ்வளவு, சிறுநீர் எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள். வார்டில் நாங்கள் கேட்கும் முதல் விஷயம் அது. ஜீவனி, இளநீர், கஞ்சி கொடுக்கலாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். ஜீவனியைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதிப் பொட்டலம் அரைக் கோப்பை என்று கண்ணளவில் கலக்க வேண்டாம். கரைத்து 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. மண்ணெண்ணெயையோ கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையோ சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும், மற்றது தொண்டையை இரண்டாம் தடவையும் எரிக்கும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

நாலாம் மாடி, வெள்ளவத்தை:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. பிஸ்கட் டின் போய்விட்டது, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அலுமாரியின் மேல் தட்டில். வத்தளை அண்ணா சொன்ன தாளை மகளே எழுதினாள். பிறகு விளையாட்டுத் தொலைபேசியில் அவளை மூன்று தடவை பேச வைத்தேன். முதல் தடவை "எங்கள் வீடு நாலாம் மாடி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். மூன்றாவது தடவை ஒழுங்கை முனையிலுள்ள பேக்கரி, லிப்ட் பழுது, அப்பம்மாவுக்கு நீரிழிவு எல்லாம் வந்தன. மேசை விரிப்பை எடுத்துவிட்டேன். மேசை இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது.

பிரஷர் கருவி வாங்க நாளை பார்மசிக்குப் போகிறேன். மாமி பருத்த உடம்பு. எல்லாக் கருவியின் பட்டியும் அவருக்குச் சரிவருமா?

ஓய்வுபெற்ற தாதி, கொட்டாஞ்சேனை:

நல்ல கேள்வி. போவதற்கு முன் தையல் நாடாவால் மாமியின் மேற்கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கருவியோடு வரும் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையுள்ள கைக்கு. பட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் பெரிய பட்டி கேட்டு வாங்குங்கள். சிறிய பட்டியை இழுத்துக் கட்டினால் எண் உள்ளதை விடக் கூடக் காட்டும். வாங்கி வந்ததும் கிளினிக் நாளில் கருவியையும் கொண்டு போய், அங்கே பார்க்கும் எண்ணோடு ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.